அப்பாடா என்று விழுந்தவர்கள்



டோக்கியோவில் ஒரு நாள். ரயிலில், தெருவில், சாலையைக் கடக்கக் காத்திருக்கும் கூட்டத்தில், எல்லோர் காதிலும் கைபேசி. எல்லோரும் யாரிடமாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரால் வர முடியவில்லை, ஒருவருக்கு நேரமில்லை, இன்னொருவர் மேல் தவறே இல்லை. ஜப்பானிய இயக்குநர் சதோஷி கோன் எடுத்த ‘பாரனோயா ஏஜென்ட்’ என்ற அனிமே தொடர் இப்படித் தொடங்குகிறது. 2004-இல் ஒளிபரப்பான தொடர். மொத்தம் 13 பகுதிகள். இது குழந்தைகளுக்கான கார்ட்டூன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதையின் நடுவில் இருப்பவள் சுகிகோ சாகி. மரோமி என்ற இளஞ்சிவப்பு நாய்க்குட்டிப் பொம்மையை வரைந்தவள். பெரிய தலை, தூக்கம் சொக்கும் கண்கள். பொம்மை நாடு முழுக்க விற்றுத் தீர்கிறது. அடுத்து என்ன, இதைவிடப் பெரிய வெற்றி எப்போது என்று நிறுவனம் அவளை நெருக்குகிறது. அவளுக்கோ ஒரு கோடுகூட வரமாட்டேன் என்கிறது. அன்றிரவு வீடு திரும்பும் வழியில் அவள் தாக்கப்படுகிறாள். அடித்தவன் ஒரு சிறுவன். தலையில் தொப்பி, காலில் தங்க நிறச் சக்கரக் காலணி, கையில் வளைந்த தங்க நிற பேஸ்பால் மட்டை. ஜப்பானில் அவனுக்கு ‘ஷோனென் பாட்டோ’ என்று பெயர் வைக்கிறார்கள். நாம் மட்டைச் சிறுவன் என்று சொல்லிக்கொள்வோம்.

இகாரி, மானிவா என்ற இரண்டு துப்பறிவாளர்கள் வழக்கை எடுக்கிறார்கள். மூத்தவரான இகாரிக்குச் சுகிகோவின் பேச்சில் நம்பிக்கை இல்லை. ஆனால் அடி வாங்குபவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று பார்த்தால்தான் கோனின் மனம் பிடிபடும். பள்ளியில் எல்லோருக்கும் செல்லமாக இருந்த ஒரு பையன். மட்டைச் சிறுவன் இவன்தான் என்று வதந்தி கிளம்பி ஒரே வாரத்தில் தனியாகிப் போகிறான். பகலில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, இரவில் வேறு பெயரில் வேறு வாழ்க்கை என்று உள்ளம் இரண்டாகப் பிளந்த ஒரு பெண். ஒரே உடலில் இருக்கும் அந்த இருவரும் தொலைபேசிப் பதிவுக் கருவியில் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச் சண்டை போடுகிறார்கள். ரவுடிகளிடம் மாட்டிக்கொண்டு கொள்ளையடிக்கத் தொடங்கிவிட்ட ஒரு போலீஸ்காரர். இனி போவதற்கு வழியே இல்லை என்று சுவரில் முதுகு ஒட்டியவர்கள் இவர்கள். அந்த நொடியில் சக்கரம் உருளும் சத்தம் கேட்கிறது. மட்டை இறங்குகிறது.

அடி வாங்கியவர்களின் முகத்தை அதற்குப் பிறகு பாருங்கள். தலையில் கட்டு இருக்கும், முகத்தில் வலி இருக்காது. அப்பாடா என்ற நிம்மதி இருக்கும். இனி யாரும் அவர்களைக் கேள்வி கேட்கமாட்டார்கள். நேற்றுவரை குற்றவாளி, இன்று பாவம், அடிபட்டவர். எத்தனையோ பேய்க்கதைகளைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவரே பேயைக் கூப்பிட்டு அனுப்பிய கதையை இதில்தான் பார்த்தேன்.

ஐந்தாம் பகுதியை மறக்க முடியாது. மட்டையும் கையுமாக ஒரு மாணவன் பிடிபடுகிறான். விசாரணை அறையில் உட்கார்ந்து, தான் ஒரு வீரன், தீய சக்தியை வேட்டையாட வந்தவன் என்று வீடியோ கேம் கதை போலச் சொல்கிறான். திரையில் அறை மறைந்து மந்திர உலகம் விரிகிறது. இளையவர் மானிவா அவன் மொழியிலேயே பேசி, அவனோடு நடந்து போகிறார். இகாரி மட்டும் அதே கசங்கிய அலுவலக உடையில் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருகிறார். உண்மையைத் தேடுபவன் பொய்க்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்ற கேள்வியை இந்த ஒரு காட்சியில் கோன் வைத்துவிடுகிறார். 1997-இல் வந்த அவருடைய முதல் படம் ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’விலேயே கனவுக்கும் நனவுக்கும் நடுவே இருக்கும் கோட்டை அவர் அழித்திருந்தார். அதில் கலங்கியது ஒரு பெண்ணின் மனம். இதில் ஓர் ஊரே கலங்குகிறது.

அந்த மாணவன் வெறும் போலி, மட்டைச் சிறுவனைப் பார்த்து நடித்தவன் என்று தெரியவருகிறது. அதற்குள் வதந்தி தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது. குடியிருப்பு வாசலில் கூடிப் பேசும் பெண்கள் ஆளுக்கொரு கதையைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவன் வளர்கிறான், சிறுவன் பூதமாகிறான்.

அவன் யார்? சுகிகோவின் சிறு வயதில் இருக்கிறது விடை. அவள் வளர்த்த உண்மையான நாய்க்குட்டியின் பெயரும் மரோமிதான். நடக்கக் கூட்டிப்போன இடத்தில் வயிற்று வலி தாங்காமல் கயிற்றைக் கைவிட்டாள். குட்டி ஓடிப்போய்க் காரில் அடிபட்டுச் செத்தது. அப்பாவின் கோபத்துக்குப் பயந்து, மட்டையோடு ஒரு பையன் வந்தான் என்று சொன்னாள். அவ்வளவுதான். ஒரு குழந்தை பயத்தில் சொன்ன பொய். வளர்ந்த பிறகு நெருக்கடி வந்தபோது அதே பொய் அவளைக் காப்பாற்ற வந்தது. காத்துக்கொண்டிருந்த ஊர் அதை வாங்கிக்கொண்டது.

ஆகவே மரோமியும் மட்டைச் சிறுவனும் ஒரே காயத்தில் பிறந்த இரட்டைகள். கவலைப்படாதே, உன் மேல் தவறில்லை, ஓய்வெடு என்று பொம்மை கொஞ்சுகிறது. மட்டை அதையே ஓர் அடியில் செய்து முடிக்கிறது. பொருளாதாரம் சரிந்த 1990-களுக்குப் பிறகு ஜப்பானில் ‘இயாஷி’, அதாவது மனத்துக்கு ஆறுதல் என்ற சொல் பெரிய சந்தையாகவே ஆனது. பொம்மை, இசை, வாசனை என எல்லாம் அந்தப் பெயரில் விற்றன. அந்த ஆறுதலின் அடியில் என்ன கிடக்கிறது என்று கோன் தோண்டிப் பார்த்தார். இருள் நிறைந்த தொடர் என்று இதைச் சொல்வது அந்தத் துணிவுக்காகத்தான், ரத்தத்துக்காக அல்ல.

இருளுக்குள் ஒரே ஒரு விளக்கு இருக்கிறது. பதினோராம் பகுதியில், இகாரியின் மனைவி மிசாயே. நெடுநாள் நோயாளி. கணவர் துப்பறிவாளர் வேலையை இழந்து, கட்டடம் கட்டும் இடத்தில் காவலாளியாக நிற்கிறார். மட்டைச் சிறுவன் அவள் வீட்டுக்கே வந்துவிடுகிறான். அவள் அலறவில்லை, ஓடவில்லை. அவனை எதிரே வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். பிள்ளை இல்லாத வருத்தம், கணவருக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற குமைச்சல், அவரோடு பட்ட கஷ்டம், எல்லாம். இந்த வலி எங்களுடையது, நீ தரும் பொய் நிம்மதி எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் அவள் பேச்சின் சாரம். பூதமாகிக் கர்ஜித்தவன் அந்த மெலிந்த பெண்ணிடம் தோற்று ஓடுகிறான். மட்டையை விரட்ட முடியும் என்று இந்தத் தொடர் முதன்முதலாகக் காட்டுவது அங்கேதான்.

முடிவில் கரிய வெள்ளம் ஒன்று டோக்கியோவை விழுங்குகிறது. சுகிகோ இறந்த நாய்க்குட்டியை அணைத்து மன்னிப்புக் கேட்கும்போதுதான் அது வற்றுகிறது. இரண்டு ஆண்டுகளில் ஊர் பழையபடி எழுந்துவிடுகிறது. தெருவில் அதே கூட்டம், கைபேசியில் அதே சாக்குகள். மரோமி இருந்த இடத்தில் புதிதாக ஒரு பூனைப் பொம்மை.

மிசாயேவைப் படைத்த கோனுக்கு 2010 மே மாதம் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. வீட்டிலிருந்தபடி, நடந்த எதையும் மறைக்காமல், மனைவிக்கும் பெற்றோருக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் நன்றி சொல்லி ஒரு நீண்ட கடிதம் எழுதிவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று காலமானார். வயது 46. தொடரைப் பார்க்க விரும்பும் நேயர்கள் பதினோராம் பகுதியைப் பார்த்து முடித்ததும் அந்தக் கடிதத்தையும் தேடிப் படியுங்கள்.