மேலாடையும் மிதியடியும்

ஆம்பூரில், ஷூ தைக்கும் சகோதரிகள் முன்னிலையில் பேசியதை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

ஆடை என்றதும் அழகைப் பேசப் போகிறான் என்று எண்ணாதீர்கள். ஆதிக்கத்தைப் பேசுகிறேன்.

சீனத்தைப் பாருங்கள். சிறுமியின் பாதத்தைத் துணியால் இறுகக் கட்டி, எலும்பை வளைத்து, தள்ளாடும் நடைக்கு நளினம் என்று பெயர் சூட்டிய நாடு அது! 1911இல் புரட்சி எழுந்தது; மஞ்சு மன்னராட்சி வீழ்ந்தது. 1912இல் குடியரசு கால்கட்டைத் தடை செய்தது. 1920களில் ஷாங்காய் மாணவியர், ஆடவர் அணிந்த நீள் அங்கியைப் போன்றதொரு அங்கியைத் தமதாக்கினர். அதுவே ‘சீபாவ்’. 1929இல் அரசே அதை முறையான உடையாக ஏற்றது. பள்ளிக்கு நடந்த பாதம் பழைய உடையை மாற்றிற்று! ஆனால், 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி அதே உடையைப் பூர்ஷ்வாச் சின்னம் எனப் பழித்தது. மன்னன் போனான், மங்கையின் ஆடைக்கு ஆணையிடும் கை போகவில்லை!

சீனம் தொலைவில் இருக்கிறது என்பீர்களோ? தெற்கே திரும்புங்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவது குற்றம்! அணிந்தோரின் ஆடை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. போராடினர், பொங்கினர். 1859இல் மன்னர் பணிந்தார். பணிந்தும் என்ன சொன்னார்? ‘மறைத்துக் கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் அணியலாகாது’ என்றார். மானத்திலும் படிக்கட்டு! இவ்வரலாற்றைக் கூறிய பாடத்தை 2019இல் ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து மத்தியக் கல்விக் குழு நீக்கியது. மறைக்கத் தகுந்தது மார்பல்ல, வரலாறு என்று கருதினர் போலும்!

இனி, நம் பாலாற்றங்கரை. செருப்பணிந்து தெருவில் நடக்கலாகாது என்று ஒடுக்கப்பட்டோரைத் தடுத்த ஊர்கள் இருந்த நாடு இது. இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பியக் கடைவீதிகளை எட்டுகின்றன. ஷூ கடல் கடந்தது. தைத்தவளின் குரல் ஆலையின் வாயிலையாவது கடந்ததா? கூலியையும் வேலை நேரத்தையும் முடிவு செய்யும் மேசையில் அவளுக்கு நாற்காலி உண்டா?

சகோதரிகளே, சங்கத்தில் சேருங்கள்; சேர்ந்தால் போதாது, நிர்வாகக் குழுவிலே அமருங்கள். ஆண் தோழர்களே, கைதட்டினால் போதாது. அவர்கள் சங்கக் கூட்டத்திற்குச் செல்லும் மாலையில் அடுப்பங்கரையை நாம் ஏற்போம்.

மேலாடையை மன்னன் மனமுவந்து தரவில்லை. நாற்காலியையும் எவரும் தரமாட்டார், எடுத்துக் கொள்வோம்!