பழமரமும் பட்டாவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழக மேடையில் மரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் எண்ணக்கூடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு ஊரில் எஞ்சியிருப்பது அரை ஏக்கர், ஓர் ஏக்கர் மேட்டு நிலமே. அதுவும் தரிசாகக் கிடந்தால் என்ன நேரும் என்பதை நம் பாட்டன்மார் கண்டனர்.

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமென்ஹீர் நம் மக்களின் நிலையை அரசுக்கு எழுதினார். திருவள்ளூரும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1892இல் பிறந்த ஆணையின்படி ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் நீத்தனர்.

மரம் பட்டாவாகாது. எனினும் காய்க்கும் தோப்பைச் சாகுபடியாக அடங்கலில் ஆண்டுதோறும் பதியச் செய்யலாம். வெறுந்தரிசுக்கு அச்சான்று ஏது?

எம்மரத்தை நடுவது? நம் மாவட்டம் மழை குன்றிய நாடன்று. ஆனால் பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. தை முதல் ஆனி வரை மண் காய்கிறது. இலவசமாகக் கிடைத்த கன்றையெல்லாம் வாங்கி நட்டுக் கோடையில் குடம் சுமப்பது வீண் வேலை. சிறு நிலத்திற்கு இலந்தை நன்று. வறட்சியும் ஓரளவு உவரும் தாங்கும், சில ஆண்டுகளிலேயே காய்க்கும். வரப்போரம் விளா நிற்கட்டும். விதைப்புளி காய்க்கப் பத்தாண்டளவு ஆகும்; ஒட்டுப்புளி நான்கைந்து ஆண்டில் பலன் தரும். (புளியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பர் தாவர நூலார். இத்தனை காலம் நம் குழம்பில் கொதித்த பின் அதை அயலார் என்று யார் சொல்வது?) நீர் தேங்கும் தாழ்விடத்திற்கு நாவல். பாலை மரம் சுவையான பழம் தரும். மிக மெல்ல வளர்வதால் அதைப் பொது நிலத்தில் வைப்பதே பொருந்தும். எது காய்த்தது, எது பட்டது என்பதை, சுள்ளி பொறுக்கியும் பழம் விற்றும் வாழ்ந்த நம் தாய்மார் அறிவர். அவர்களைக் கேட்டே தேர்ந்தெடுங்கள்.

பொது இடத்தில் ஒரு சிக்கலுண்டு. ஏரிக்கரையில் நட்டு வளர்த்தவர் நாமாயினும், மகசூலை ஏலம் எடுப்பவர் வேறொருவராகலாம். ஆகவே நடுமுன் கிராம சபையில் தீர்மானம் கோருங்கள். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி என்னும் மரப்பட்டா கேட்டு வட்டாட்சியருக்கு எழுதுங்கள். மனு எழுத வல்ல இளைஞர் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். மனு ஆவணிக்குள் போகட்டும். ஐப்பசி மழைக்குமுன் குழி தோண்டியாக வேண்டும்.