பழைய கைக்கடிகாரமும் அதன் பழைய முகமும்



பழைய கைக்கடிகாரம் ஒன்று கைக்கு வந்ததும் நம்மவர் செய்யும் முதற் காரியம், அதனைத் திருத்துபவரிடம் கொடுத்து மினுக்குவிப்பதாகும். நானும் அவ்வாறு செய்தவனே. தந்தையார் விட்டுச்சென்ற கடிகாரத்தின் மங்கிய முகப்புக்குப் புதுவர்ணம் தீட்டுவித்து, பளபளக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்னையார் அதனைச் சற்றுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது அவருடையதா?" என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை.

சேகரிப்போர் மாற்றப்படாத நிலையை ஏன் இத்துணை பெரிதாக மதிக்கின்றனர் என்பது அதன் பின்னரே எனக்கு விளங்கிற்று. ஓர் உதாரணம் கூறுகின்றேன். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 ஆம் ஆண்டளவில், பிரித்தானியப் படையினருக்கென ஒரே விதிப்படி கைக்கடிகாரங்கள் சுவிற்சர்லாந்திற் செய்விக்கப்பட்டன. ஒமேகா, லொஞ்சின்ஸ், சைமா முதலாகப் பன்னிரண்டு நிறுவனங்கள் அவற்றை வழங்கின. கரிய முகப்பு, வெள்ளை எண்கள், ஆறுமணிப் பக்கத்தில் சிறு வினாடி வட்டம். நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். முகப்பிலும் பின்மூடியிலும் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறி உண்டு. பின்மூடியில் உள்ள படைத்துறை எண்ணின் முன்னெழுத்து, செய்தவர் இன்னார் என்பதையும் காட்டும்.

மினுக்கும் சில்லு இந்த எழுத்துக்களையே முதலில் தின்னும். வார் பூட்டும் கொம்புகளின் கூரிய விளிம்பும் மழுங்கிப்போகும். தேய்ந்த உருக்கு தானே மீண்டும் வளராது.

முகப்பின் கதை இன்னும் சிக்கலானது. இருளில் ஒளிர்வதற்காக இக்கடிகாரங்களில் இரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. தூரிகை நுனியை உதட்டாற் கூராக்கி இத்தகைய பூச்சைத் தீட்டிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் பலர், 1920களில் எலும்பு நோயுற்று மாண்டனர். இரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1600 ஆண்டுகள் செல்லும். ஆயினும் அதனோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிற் கெட்டுவிடும். ஆகவே, 1945 ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்று இருளிற் பிரகாசமாக ஒளிர்ந்தால், பிற்காலத்தில் எவரோ பூசியிருக்கின்றார் என ஐயுறலாம். ஒளிராதது ஆபத்தற்றது என்றும் எண்ணற்க. கண்ணாடியை வீட்டிற் கழற்றுவதும் பூச்சைச் சுரண்டுவதும் கூடா. பல கடிகாரங்களைக் காற்றோட்டமற்ற பெட்டியில் அடைப்பதும் நன்றன்று.

இந்த ஆபத்தை உணர்ந்து, பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சே பின்னாளிற் பல முகப்புகளை அகற்றி, திரிதியம் பூசியவற்றைப் பொருத்திற்று. வட்டத்துள் ஆங்கில 'டீ' எழுத்து அதன் அடையாளம். இவை மாற்றப்பட்டவைதாமே என்று சிலர் ஒதுக்குவர். எனக்கு அது உடன்பாடன்று. கடிகாரம் சேவையில் இருந்தபோதே, அதற்குரியவர் தக்க காரணத்தோடு செய்த மாற்றம் அதன் வரலாற்றைச் சேர்ந்தது. விற்பனைக்காகவோ, என்னைப்போல் அறியாமையாலோ செய்தது வேறு.

உள்ளேயுள்ள பொறியைச் சுத்தஞ்செய்து எண்ணெயிடுதல் அவசியமே. காய்ந்த எண்ணெயோடு ஓடும் சக்கரங்களின் அச்சுகள் தேய்ந்துபோகும். ஆனால், திருத்தக் கொடுக்கும்போது, "முகப்பையும் கூட்டையும் தொடவேண்டா" என்று ஒரு துண்டில் எழுதிக் கடிகாரத்தோடு கட்டிக் கொடுங்கள். வாயாற் சொன்னது பட்டறை வரை போய்ச் சேர்வதில்லை.