காய்ச்சல் விட்டது, கவனமும் விடலாமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சின் தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். "கொரோனாவா? அந்தக் கதை முடிந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது! இன்னுமா அதைப் பேசுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அவசர நிலையை அறிவித்தது. 2023 மே 5 அன்று அதை விலக்கிக்கொண்டது. அவசர நிலையைத்தான் விலக்கினார்கள். கிருமியை யாரும் விலக்கவில்லை. 2023 டிசம்பரில் அது ஜே.என்.1 என்ற புது உருவில் பரவியது. 2025 மே, ஜூன் மாதங்களில் நம் நாட்டில் மீண்டும் தலைதூக்கி, சிகிச்சையில் இருப்போர் கணக்கு 7,000-ஐத் தாண்டியது. அதுவும் பரிசோதனை செய்துகொண்டவர்களின் கணக்கு மட்டும். இன்று காய்ச்சல் வந்தால் யார் பரிசோதனைக்குப் போகிறார்கள்? மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்குகிறோம்.

இரண்டு முறை, மூன்று முறை வந்தவர்கள் நம்மில் ஏராளம். எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்லத் தெரியாதவர்கள் அதைவிட ஏராளம். திரும்பத் திரும்ப வரும் ஒரு நோயோடு வாழ்வது எப்படி? எச்சரிக்கை விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து இருக்கும்போது ஒரே வீட்டில், ஒரே கடையில், ஒரே பள்ளிவாசலில் சேர்ந்திருப்பது எப்படி? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கூரை, மூன்று கருத்து

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வாப்பாவுக்குச் சர்க்கரை நோய். கூட்டமான இடத்துக்கு முகக்கவசம் இல்லாமல் போகமாட்டார். மூத்த மகன், "எல்லாம் மாஸ்க் விற்பவன் கிளப்பிவிட்ட பயம்" என்பான். இளையவன் நடுவில் நிற்பான். பக்கத்தில் யாராவது இருமினால் விலகிக்கொள்வான், மற்றபடி கவலைப்பட மாட்டான். மூவரும் ஒரே கல்லாவில் உட்காருகிறார்கள். ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

கருத்து வேறுபாடு இருக்கட்டும், அதில் குற்றமில்லை. கேலிதான் குற்றம். முகக்கவசம் போட்டு வந்தவரைப் பார்த்து, "என்ன பாய், இன்னும் பயம் தெளியலையா?" என்று நாலு பேர் நடுவே கேட்கிறோமே, அவர் ஏன் போட்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியுமா? புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவராக இருக்கலாம். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாய் இருக்கலாம். அதை நாற்சந்தியில் விளக்கிச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. முகக்கவசம் போடாதவரை அறிவில்லாதவர், பாமரர் என்று ஏசுகிறார்கள். ஏச்சினால் யாராவது மாறியதுண்டா? ஏசியவரின் வாய்தான் வலிக்கும்.

"வந்து வந்து பழகிவிட்டது"

"முதல் தடவை வந்தபோது ஆஸ்பத்திரி. மூன்றாவது தடவை வந்தபோது வெறும் தொண்டைக் கரகரப்பு. உடம்பு பழகிவிட்டது" என்று சொல்பவர்கள் பலர். இதில் பாதி உண்மை. தடுப்பூசியும் முந்தைய தொற்றும் கொடுத்த எதிர்ப்புச் சக்தி நோய் முற்றிப்போவதை வெகுவாகக் குறைத்திருக்கிறது. 2021 கோடையில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த நிலை இன்று இல்லை. இதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம்.

மறுபாதியையும் கேளுங்கள். அந்தச் சக்தி நாளடைவில் தேய்கிறது. கிருமியும் உருமாறிக்கொண்டே வருகிறது. ஆகவே மறுபடி தொற்றுவதை அது தடுப்பதில்லை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவேடுகளை சியாத் அல்-அலி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2022 நவம்பரில் வெளியிட்டார்கள். ஒரு முறை தொற்றியவர் ஏறத்தாழ 4,43,000 பேர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தொற்றியவர் ஏறத்தாழ 41,000 பேர். ஒரு முறையோடு நின்றவர்களைவிட, மீண்டும் தொற்றியவர்களுக்கு மரணமும், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையும், இருதயம், நுரையீரல் சார்ந்த கோளாறுகளும் கூடுதலாகவே காணப்பட்டன. அவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். எனவே 20 வயது இளைஞனுக்கும் அதே அளவில் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், "எத்தனை தடவை வந்தாலும் ஒன்றுமில்லை" என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

இன்னொன்று, நீடித்த கொரோனா. காய்ச்சல் போன பிறகும் அசதி, மூச்சு வாங்குதல், ஞாபக மறதி என்று மாதக்கணக்கில் தொடரும் நிலை. தொற்றியவர்களில் 100-க்கு 6 பேர் அளவில் இது வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முன்பு இரண்டு மாடி ஏறி சரக்கு இறக்கியவர் இன்று ஒரு மாடியில் உட்கார்ந்துவிடுகிறார் என்றால், "சோம்பேறி ஆகிவிட்டான்" என்று முத்திரை குத்தாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள். ஒரு வியாபாரிக்கு 100-க்கு 6 நஷ்டம் என்பது சின்னக் கணக்கா? ஒவ்வொரு தொற்றும் அந்தக் கணக்கை மறுபடி திறக்கிறது.

பழி வேறு, நோய் வேறு

நம் மக்களில் சிலர் இந்த நோயையே நம்ப மறுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் பேசுவோம்.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்தவர்களைக் காட்டி, நோயையே நம் சமுதாயம்தான் பரப்புகிறது என்று தொலைக்காட்சிகள் இரவு பகலாக ஓலமிட்டன. கீரை விற்கும் ஏழையின் தள்ளுவண்டிகூடப் பல இடங்களில் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு என்ன ஆயிற்று? 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருப்பதாகவே தெரிகிறது என்றது. அவர்களுக்குத் தங்க இடம் தந்ததாக வழக்கில் மாட்டிய 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஐந்து வருடம் கழித்து!

இலங்கையில் இன்னும் கொடுமை. நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020-இல் எல்லா ஜனாஸாக்களையும் எரிக்க வேண்டும் என்றார்கள். பிறந்து 20 நாளான பச்சிளம் குழந்தையையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறந்தது. 2024 ஜூலையில் இலங்கை அரசு மன்னிப்புக் கேட்டது.

இவ்வளவும் நடந்தபின், "நோயே நமக்கு எதிரான சதி" என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவர் மனக்காயம் நமக்குப் புரிகிறது. ஆனால் சகோதரர்களே, பழி பொய், நோய் மெய். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நம்மைத் தூற்றியவர்கள் மீதுள்ள கோபத்தில் எச்சரிக்கையைத் தூக்கி எறிந்தால், நஷ்டம் தூற்றியவனுக்கா, நம் வீட்டுப் பெரியவர்களுக்கா?

ஸர்கில் நடந்த ஆலோசனை

"விதித்தது வரும். மாஸ்க் தடுத்துவிடுமா?" என்று தவக்குல் பேசுபவர்களுக்கும் ஒரு சொல். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டோடு சேர்த்துப் பேசப்படும் அம்வாஸ் கொள்ளைநோய் ஷாம் நாட்டைப் பிடித்தது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்ற இடத்தில் அந்தச் செய்தியைக் கேட்டார்கள். தாமே முடிவு எடுத்துவிடவில்லை. முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்சாரிகளைக் கேட்டார்கள், அங்கேயும் பிரிந்தது. குறைஷிப் பெரியவர்களைக் கேட்டபோது, எல்லோரும் திரும்பிவிடலாம் என்றார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அவனது ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எடுத்துரைத்தார்கள்.

கவனியுங்கள். சிறந்த தோழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. ஒருவர் மற்றவரைக் கோழை என்றோ ஈமான் குறைந்தவர் என்றோ ஏசவில்லை. கேட்டார்கள், ஆலோசித்தார்கள், பிறர் உயிருக்குப் பாதுகாப்பான பக்கம் முடிவு எடுத்தார்கள். நமக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

கடை நடத்துபவர்களுக்கு

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஏ.சி. உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. ஒருவரிடம் நோய் இருந்தது. மூன்று குடும்பங்களிலும் சேர்த்து 10 பேருக்கு நோய் கண்டது. ஏ.சி. அதே காற்றைச் சுழற்றிச் சுழற்றி அனுப்பியதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். நம் ஜவுளிக் கடைகளை நினைத்துப் பாருங்கள். பெருநாள் வியாபாரம், கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே நெரிசல். கல்லாவில் சானிடைசர் பாட்டில் வைத்தால் மட்டும் போதாது. காற்று மாற வேண்டும். பின்பக்க ஜன்னலைத் திறங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். கரண்டு பில் கொஞ்சம் கூடும். ஆள் படுத்தால் ஆகும் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் கடைப் பையன்கள். காய்ச்சலோடு ஏன் வேலைக்கு வருகிறான்? வராவிட்டால் சம்பளம் போய்விடும். அதனால் மாத்திரை போட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வருகிறான். அவனிடமிருந்து மற்ற நாலு பேருக்கு, அவர்களிடமிருந்து வாடிக்கையாளருக்கு, கடைசியில் முதலாளியின் வீட்டுக்கே போகிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25-ஆம் பிரிவில், நோய்க்காக வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புக்கு வழி செய்திருக்கிறது. நம்மில் எத்தனை கடைகளில் இது நடைமுறையில் இருக்கிறது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஜகாத் கணக்கைத் துல்லியமாகப் பார்க்கும் நாம், உழைப்பவனின் இந்த உரிமைக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? "காய்ச்சலா? வீட்டில் இரு, சம்பளம் பிடிக்கமாட்டேன்" என்ற ஒரு வார்த்தை, ஆயிரம் முகக்கவசங்களைவிட அதிகம் காக்கும்.

பள்ளிவாசலில்

மழை பெய்யும் ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினுக்குச் சொன்னார்கள். பச்சைப் பூண்டு தின்ற வாயோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தரவேண்டாம் என்பதும் நபிவழி. சேறுக்கும் வாடைக்கும் இந்தச் சலுகை என்றால், இருமலோடும் காய்ச்சலோடும் வந்து பக்கத்தில் நிற்கும் முதியவருக்கு நோயைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

முத்தவல்லிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏ.சி. போட்ட பள்ளிகளில் தொழுகைக்கு முன்னும் பின்னும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். முகக்கவசத்தோடு ஸஃப்பில் நிற்பவரை யாரும் முறைக்கக் கூடாது என்று ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொல்லட்டும். நோய் விசாரிக்கப் போவது நன்மையான காரியம். ஆனால் மூக்கு ஒழுகும்போது போகாதீர்கள். போனில் விசாரியுங்கள், துஆ செய்யுங்கள்.

இளைஞர்களே!

2020, 2021-இல் உறவினரே தொட அஞ்சிய உடல்களை, சாதி மதம் பாராமல் சுமந்துபோய் அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். அந்தந்த மதச் சடங்குப்படி தகனமும் செய்து கொடுத்தார்கள். பாதுகாப்பு உடை அணிந்து, முறைப்படி கையுறை மாட்டித்தான் போனார்கள். அவர்களை யாராவது கோழை என்றார்களா? துணிச்சலும் எச்சரிக்கையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி.

உங்களுக்கு வந்தால் மூன்று நாளில் எழுந்துவிடுவீர்கள். உங்கள் உம்மம்மாவுக்கு வந்தால்? காய்ச்சல் என்றால் தனி அறை, தனித் தட்டு. நெருங்க வேண்டிய நேரத்தில் இருவருக்கும் முகக்கவசம். காய்ச்சல் விட்ட மறுநாளே மூட்டை தூக்கவும், கால்பந்து ஆடவும் போகாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெரியவர்களுக்கும் நாட்பட்ட நோயாளிகளுக்கும் தடுப்பூசி இன்னொரு தவணை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பிடம் கேட்காதீர்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி அஞ்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருடம் முழுவதும் முகத்தை மூடிக்கொண்டு இருங்கள் என்றும் சொல்லவில்லை. நோய் வந்தால் ஒதுங்கியிருப்போம். காற்றுக்கு வழி விடுவோம். உழைப்பவனுக்கு ஓய்வு கொடுப்போம். நம்மைவிடக் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பவரைக் கேலி செய்யாமல் விடுவோம். இந்த நான்கும் எந்தக் கருத்துக்காரருக்கும் கஷ்டமில்லை. இன்று கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பின்பக்க ஜன்னலைத் திறங்கள். இரண்டாவது வேலையாக, இருமிக்கொண்டே சரக்கு எடுத்துப் போடும் பையனைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள்.