மின்நூலுக்கும் இன்டெக்ஸ் வேண்டும்

(சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



34 வருடம் வங்கி கிளார்க்காக இருந்தவன் நான். லெட்ஜரில் எத்தனை கணக்கு இருந்தாலும் முன்னால் ஒரு இன்டெக்ஸ் இருக்கும். பெயரைப் பார்த்தால் ஃபோலியோ நம்பர் கிடைத்துவிடும். அப்படிப் பழகிய நானே மின்நூல் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

மகள் வாங்கித் தந்த கிண்டிலில் மதுரைத் திட்டத்தின் நூல்களை ஏற்றினேன். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது. பெயரில்தான் நம் ஊர். முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண். கோப்பின் பெயரும் அந்த எண்தான். நான் பெயர் மாற்றாமல் அப்படியே ஏற்றியதால் திரை முழுக்க எண்கள்!

அம்மா படுக்கையில் இருந்த சமயம், ஒரு ராத்திரி "பிட்டுக்கு மண் சுமந்ததை வாசிப்பா" என்றார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது 61ஆவது விளையாடல். நூல் என்னிடம் இருந்தது, அதுவும் பல கோப்புகளாக. எந்த எண் என்றுதான் தெரியவில்லை. தேடி எடுப்பதற்குள் அம்மா தூங்கிவிட்டார்கள். மறுநாள் கேட்கும் நிலையில் இல்லை.

அதன்பிறகு நான் செய்தவை இவை. நீங்கள் இப்போதே செய்துவிடுங்கள்.

1. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். நூலைக் கிண்டிலுக்கு ஏற்ற வடிவத்துக்கு அதுவே மாற்றித் தரும்.

2. ஏற்றும் முன்பே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் திருத்துங்கள். ஓரிடத்தில் உ.வே.சா., மற்றோரிடத்தில் சாமிநாதையர் என்று போட்டால் ஒருவருக்கே இரண்டு கணக்கு ஆகிவிடும்.

3. பல பாகம் என்றால் தலைப்போடு 1, 2, 3 சேருங்கள். பொன்னியின் செல்வனின் 5 பாகமும் வரிசையாக நிற்கும்.

4. பிடிஎஃப்பைத் தவிருங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஈபப்பில் வரி தானே மடங்கும். நம் கண்ணுக்கு அதுதான் நல்லது.

5. கிண்டிலில் நான்கைந்து கலெக்‌ஷன் போதும். ஒரே நூலை இரண்டிலும் வைக்கலாம். கலெக்‌ஷனை அழித்தாலும் நூல் போகாது.

6. எல்லாவற்றுக்கும் பென் டிரைவில் ஒரு நகல்.

போன ஆவணியில் புட்டுத் திருவிழா அன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அந்தப் படலத்தை எடுத்து வாசித்தேன். எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கேட்க அம்மாதான் இல்லை.

கிண்டில் வைத்துக்கொண்டு திணறுபவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்தே அடுக்கலாம்.