கூகுள் எங்க வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு லாக் ஃபைலைப் பற்றி. அந்த ஃபைலை நம்பி என் தம்பியோட நாலு நாள் பேசாமல் இருந்தேன். தப்பு முழுக்க என்னோடது. எப்படி என்று சொல்றேன். வீட்டில் சர்வர் வச்சிருக்கிறவங்களுக்கும், வைக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் இது உதவும்.

எங்க அபார்ட்மென்ட்டில் 48 வீடு. மெயின்டனன்ஸ் கணக்கு, தண்ணி லாரி வரும் நேரம், புகார் எழுத ஒரு படிவம். இவ்வளவுதான் இருக்கிற ஒரு சின்ன வெப்சைட்டை அசோசியேஷனுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். ஹோஸ்டிங்குக்குக் காசு கேட்கச் சங்கடமாக இருந்தது. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு, அப்பாச்சி ஓடவிட்டு, ஷூ ரேக் மேல வச்சிட்டேன். இன்டர்நெட் கம்பெனிக்கு மாசம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கினேன். வெளியிலிருந்து 80, 443 போர்ட்டுக்கு வருவதை லேப்டாப்புக்கு அனுப்பும்படி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டேன். நல்லாத்தான் ஓடிச்சு.

ஒரு நாள் ராத்திரி 11.40-க்குப் புகார் படிவத்தில் ஒரு மெசேஜ் விழுந்தது. எங்க ட்ரெஷரர் அங்கிள் பணத்தைச் சாப்பிட்டுட்டார்னு ஆரம்பிச்சு, அவர் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதக்கூடாததெல்லாம் எழுதியிருந்தது. பேர் இல்லை. படிவத்தில் பேர் கட்டாயம் இல்லைன்னு வச்சதும் நான்தான். அது தானாகவே கமிட்டி எல்லாருக்கும் மெயிலில் போயிடுச்சு.

காலையில் அங்கிள் வாசலில் நிற்கிறார். தூங்காத முகம். "சர்வர் உன் வீட்லதான இருக்கும்மா. யாரு போட்டாங்கன்னு பார்த்துச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கல."

அப்பாச்சியின் ஆக்சஸ் லாகைத் திறந்தேன். 11.40-க்கு அந்தப் படிவம் வந்த வரி இருந்தது. வரியின் ஆரம்பத்திலேயே வந்தவரின் ஐபி முகவரி இருக்கும். 192.168.1.1 என்று இருந்தது.

நெட்வொர்க் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கியிருக்கும். மூன்று முகவரி வரிசைகளை வீட்டுக்குள்ளேயும் ஆபீசுக்குள்ளேயும் மட்டும் பயன்படுத்த ஒதுக்கி வச்சிருக்காங்க: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இது 1994-லிருந்து இருக்கிற ஏற்பாடு. பொது இன்டர்நெட்டில் இவை பயணிக்காது. அப்படின்னா அந்த மெசேஜ் எங்க வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கணும். அன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட். அம்மா ஊருக்குப் போயிருந்தாங்க. வீட்டில் இருந்தது தம்பி மட்டும். அதுக்கு முந்தின வாரம்தான் பைக் பார்க்கிங் விஷயத்தில் அவனுக்கும் அங்கிளுக்கும் சத்தமா ஒரு சண்டை.

அங்கிள்கிட்ட "பார்த்துட்டு சொல்றேன்"னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ளே போய், "நீதானே போட்ட?"ன்னு கேட்டேன். இல்லைன்னான். ஸ்கிரீனைக் காட்டினேன். "இது நம்ம வீட்டு நம்பர்டா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"ன்னு கேட்டேன். இந்த வாக்கியத்தை நினைச்சா இப்பவும் எனக்குக் கூச்சமா இருக்கு. அவன் பி.காம் படிக்கிறவன். என்ன பதில் சொல்றதுன்னே அவனுக்குத் தெரியல. எழுந்து போயிட்டான்.

நாலாவது நாள் அவனே லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து அந்த ஃபைலை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இங்க கூகுள்பாட்னு ஒண்ணு போட்டிருக்கு. அதுவும் இதே நம்பர்தான். கூகுள் நம்ம ஹால்லயா உக்காந்துட்டு இருக்கு?"

நான் ஒரு வார்த்தை பேசல. எத்தனை விதமான முகவரிகள் இருக்குன்னு எண்ணிப் பார்த்தேன். கடந்த இரண்டு மாசமா ஒன்றே ஒன்றுதான். 48 வீட்டுக்காரங்க, தேடுபொறி, கதவைத் தட்டிப் பார்க்கிற ரோபோக்கள் எல்லாமே 192.168.1.1. அதுக்கு முன்னாடி நூற்றுக்கணக்கான வேற வேற முகவரிகள். அந்த மாற்றம் நடந்த தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. அன்னைக்குத்தான் நான் ரவுட்டரில் கை வச்சேன்.

என்ன நடந்ததுன்னு சொல்றேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு முகவரி இருக்கும். அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கிற வாட்ச்மேனை நினைச்சுக்கோங்க. கூரியர் கவரில் அபார்ட்மென்ட் பேர் மட்டும் இருக்கு. அவர் அதை அடிச்சிட்டு வீட்டு நம்பரை எழுதி மேலே அனுப்பறார். அனுப்புநர் பேரைத் தொடுவதில்லை. போர்ட் ஃபார்வர்டிங் இவ்வளவுதான் செய்யணும்: பெறுநரை மாத்தணும், அனுப்புநரை விட்டுடணும். அதனால் ரவுட்டருக்குப் பின்னாடி இருந்தாலும் சர்வர் லாகில் வந்தவரின் உண்மையான முகவரி விழும். ரவுட்டர் இருந்தாலே அது தெரியாதுன்னு நினைக்கிறது தப்பு.

வீட்டிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்கு வேலை தலைகீழ். நம்ம போனின் உள் முகவரி வெளியே செல்லாது. அதனால் ரவுட்டர் அனுப்புநரை அடிச்சிட்டுத் தன் பொது முகவரியை எழுதும். இதுக்கு மாஸ்கரேட்னு பேர். அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கும்: வெளிப்பக்க இணைப்பு வழியாகப் போகும் பாக்கெட்டுக்கு மட்டும்.

நான் அந்த நிபந்தனையை எடுத்துட்டேன். காரணம் இருந்தது. வெளியிலிருந்து சைட் திறக்குது, வீட்டு வைஃபையில் இருந்தா திறக்கல. போன் பொது முகவரியைக் கேட்குது. ரவுட்டர் அதை லேப்டாப்புக்குத் திருப்புது. லேப்டாப் பார்க்குது, கேட்டவர் பக்கத்து அறையில்தான் இருக்கார். பதிலை ரவுட்டர் வழியா விடாமல் நேரா போனுக்கே அனுப்பிடுது. போன் பொது முகவரியிடமிருந்து பதிலை எதிர்பார்க்குது, யாரோ 192.168.1.10 பேசினா தூக்கிப் போட்டுடுது. இதைச் சரிசெய்ய, வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குள்ளேயே போகும் பாக்கெட்டிலும் அனுப்புநரை மாத்தணும். நான் சோம்பேறித்தனமா "எல்லா பாக்கெட்டிலும் மாத்து"ன்னு விட்டுட்டேன். சைட் வீட்டிலேயும் திறந்தது, சந்தோஷமா தூங்கப் போயிட்டேன். அன்னைலேர்ந்து வெளியிலிருந்து வர்ற ஒவ்வொரு கவரிலும் வாட்ச்மேன் அனுப்புநரை அடிச்சிட்டுத் தன் பேரையே எழுதிக்கிட்டிருந்தார்.

இதை உறுதி செய்ய இரண்டு சோதனை. முதலாவது: போனில் வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவில் சைட்டைத் திறந்து, லாகின் கடைசி வரியைப் பாருங்க. வீட்டு முகவரி விழுந்தா எங்கேயோ கோளாறு. இரண்டாவது: சர்வரில் டிசிபிடம்ப் ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்க. அது பாக்கெட் வந்து சேரும்போதே அதன் முகவரியைக் காட்டும். அங்கேயே ரவுட்டர் முகவரி இருந்தா, குற்றவாளி ரவுட்டர். எனக்கு அப்படித்தான் இருந்தது. அங்கே சரியான முகவரி வந்து, லாகில் மட்டும் தப்பா இருந்தா, சர்வருக்குள்ளேயே நடுவில் ஏதோ ஒன்று இருக்கு.

நான் செய்த சரி இதுதான். பழைய விதியை வெளிப்பக்க இணைப்புக்கு மட்டும் என்று திரும்பக் கட்டினேன். அனுப்புநரும் பெறுநரும் 192.168.1 வரிசையில் இருந்தா மட்டும் மாத்தணும்னு தனியா ஒரு விதி எழுதினேன். இதைவிடச் சுத்தமான வழியும் இருக்கு. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அந்த டொமைன் பேருக்கு நேரா உள் முகவரியையே சொல்லும்படி வீட்டு டிஎன்எஸ்ஸை அமைச்சா, இந்தச் சுற்றே தேவையில்லை.

நடுவில் ரிவர்ஸ் ப்ராக்சி வச்சிருக்கிறவங்களுக்கு மருந்து வேற. அங்கே லாகில் ப்ராக்சியின் முகவரி விழும். உண்மையான முகவரியை ப்ராக்சி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெட்டரில் எழுதி அனுப்பும். அப்பாச்சியில் மாட் ரிமோட்ஐபி, என்ஜின்எக்ஸில் ரியல்ஐபி, இரண்டும் அதைப் படிச்சு லாகில் போடும். ஆனா உங்க ப்ராக்சியிடமிருந்து வந்தா மட்டும் நம்பச் சொல்லுங்க. அந்த ஹெட்டரை யார் வேணும்னாலும் எழுதி அனுப்பலாம். என் கேஸில் இது உதவாது. ரவுட்டர் பாக்கெட்டின் முகவரியை மட்டும்தான் மாத்தும், ஹெட்டர் எதுவும் எழுதாது.

இன்னொரு எச்சரிக்கை. ஃபெயில்2பேன் வச்சிருந்தா, யாராவது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பா அடிச்சா அந்த முகவரியைத் தடுக்கும். எல்லாருக்கும் ஒரே முகவரியா இருந்தா? ஒருத்தன் செய்த வேலைக்கு ஊரே வெளியில் நிற்கும்.

சரி, அந்த 11.40 மெசேஜ்? யார் அனுப்பினாங்கன்னு இனிமே என்னால் கண்டுபிடிக்க முடியாது. எந்த இணைப்பு யாருடையது என்ற பட்டியலை ரவுட்டர் தன் நினைவில்தான் வச்சிருக்கும், இணைப்பு முடிஞ்சதும் அழிச்சிடும். லாகைச் சரிசெய்தா இனி வர்றது சரியாகும், போனது திரும்பாது.

அங்கிள் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். தம்பியைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழிச்சு, "இனிமே வந்தா தெரிஞ்சிடும்ல?"ன்னு கேட்டார். தெரியாது அங்கிள்னு சொல்ல வேண்டியிருந்தது.

ஏன்னா சரியான ஐபியும் ஒரு ஆள் இல்லை. முகவரிகள் பற்றாக்குறையால் மொபைல் கம்பெனிகளும் பல பிராட்பேண்ட் கம்பெனிகளும் ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி நிறைய பேரை வைக்கிறாங்க. அதுக்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையை 2012-இல் ஒதுக்கினாங்க. உங்க ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி அந்த வரிசையில் இருந்தா, நீங்களும் அப்படித்தான் இருக்கீங்க, போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. இப்படிப் பகிர்ந்த முகவரியில் ஒருவரைப் பிரிச்சுக் காட்ட, ஐபியோட அனுப்புநரின் போர்ட் எண்ணும், நொடி சுத்தமான நேரமும் வேணும். இரண்டையும் லாகில் எழுதச் சொல்லி 2011-லேயே இன்டர்நெட் தரநிலைக் குழு பரிந்துரை வெளியிட்டிருக்கு. அப்பாச்சியின் வழக்கமான லாகில் அந்தப் போர்ட் எண் இருக்காது, நாமதான் சேர்க்கணும். சேர்த்தாலும் அது யார் வீடுன்னு இன்டர்நெட் கம்பெனிக்குத்தான் தெரியும். போலீஸ் கேட்டா சொல்வாங்க, அங்கிளோ நானோ கேட்டா சொல்லமாட்டாங்க. அப்படித்தான் இருக்கவும் வேணும்.

அப்புறம் ஒன்று செய்தேன். 30 நாளுக்கு மேல் போன லாக் தானாக அழியும்படி வச்சேன். படிவத்துக்குக் கீழே "உங்கள் ஐபி முகவரி 30 நாட்கள் பதிவில் இருக்கும்" என்று ஒரு வரி எழுதினேன். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும் சில சூழலில் தனிப்பட்ட தகவல்தான்னு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-இல் பிரேயர் வழக்கில் சொல்லியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க எப்போ எங்கிருந்து வந்தாங்க என்ற பட்டியல் என் ஷூ ரேக் மேல இருக்கு. அது எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. படிவத்தின் மெசேஜ் கமிட்டிக்கு நேரா போகாமல், முதலில் ஒருவர் படிச்சுட்டு அனுப்பும்படியும் மாத்தினேன். அங்கிளுக்கு உண்மையில் உதவினது இதுதான்.

தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே சரியாகல. இப்போ பேசறான். வீட்டில் எதாவது காணாமப் போனா, "கூகுள் எடுத்திருக்கும் அக்கா, ஹால்லதான இருந்துச்சு"ங்கறான்.

உங்க வீட்டில் சர்வர் இருந்தா, இன்னைக்கே வைஃபையை அணைச்சுட்டு அந்த முதல் சோதனையைச் செய்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.