கையும் சொல்லும்: தோட்டத் தமிழைக் காணொலியில் பதியும் முறை



மொழியியல் கற்றவன் படப்பிடிப்பைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லைக் கொண்டு விடை கூறுகிறேன். 'இவ்வளவு' என்னும் பொருளில் 'இம்புட்டு' என்பது பேச்சு வழக்கு. தேயிலைக் கொழுந்து கிள்ளிய மூதாட்டி ஒருவர், "இம்புட்டுத்தான் கிள்ளணும்" என்று சொல்வதாகக் கொள்வோம். ஒலிப்பதிவில் அச்சொல் தெளிவாகக் கேட்கும். எவ்வளவு என்பது மட்டும் கேட்காது. அந்த அளவு அவருடைய கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கிறது. அ, இ, உ ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்று வகுத்தது. பேச்சிலோ நாவோடு கையும் சேர்ந்தே சுட்டுகிறது. ஆகவே கையைப் பதியாத பதிவு அரைப் பதிவே ஆகும்.

கேமரன் மலைக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரையே இது தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் நாவில் பெரட்டு, கிராணி, மண்டோர், ஆயாக்கொட்டகை முதலிய சொற்கள் வேரூன்றின. ஆங்கிலமும் மலாயும் பிறவும் தமிழோடு கலந்து பிறந்த வழக்கு அது. இன்று கத்தரியும் பொறியும் கொழுந்தை வெட்டுகின்றன. அவற்றை இயக்குவோருள் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். கையால் கிள்ளிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் பேச்சைப் பதிய உங்கள் கைப்பேசியே போதும். அதனைப் பயன்படுத்தும் முறைதான் தெரிய வேண்டும்.

முதலாவது, சட்டகம். கைப்பேசியைக் கிடைமட்டமாக, பேசுபவரின் கண் உயரத்தில் வையுங்கள். இடுப்புக்கு மேற்பட்ட உடலும் இரு கைகளும் சட்டகத்துள் அடங்க வேண்டும். முக்காலி இல்லையெனில் மேசைமீது புத்தகங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்துங்கள். பேச்சு நடக்கும்பொழுது கருவியை அசைக்காதீர்கள். திரையில் இருவிரலால் உருவத்தைப் பெருக்கினால் படத்தின் தெளிவு குன்றும். அதனினும் நீங்களே இரண்டடி முன்னே செல்வது நன்று. மலைச்சரிவு முழுவதும் தெரியும் தொலைக்காட்சி ஒன்றும், விரல்கள் மட்டும் தெரியும் அண்மைக்காட்சி ஒன்றும் தனியே எடுங்கள். ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையாமல் ஓடட்டும்.

இரண்டாவது, ஒளி. மலைமூட்டம் வெண்மையானது. அதனைப் பின்புலமாக்கினால் கருவி அந்த வெண்மைக்கு ஏற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். பல கைப்பேசிகளில் திரையிலுள்ள முகத்தின்மீது விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவும் குவியமும் அங்கேயே நிலைபெறும். வீட்டிற்குள் சன்னலை நோக்கி அமரச் செய்யுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி அமரச் செய்யாதீர்கள். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. குழல்விளக்கின் கீழ்ப் படமெடுத்தால் திரையில் கருவரிகள் ஓடுவதுண்டு. நொடிக்கு 25 சட்டகம், திறப்பு நேரம் ஐம்பதில் ஒரு நொடி என்று அமைத்தால் அக்குறை பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவது, ஒலி. மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கேளாத பேச்சால் பயனில்லை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலியளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். எனவே சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கியை நெஞ்சருகே மாட்டுங்கள். மலைக்காற்றைத் தடுக்க அதற்குப் பஞ்சுறை அணிவியுங்கள். தேயிலை ஆலையின் இரைச்சலுக்கு அருகே உரையாடலை வைத்துக்கொள்ளாதீர்கள். தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிந்து, காதொலிக் கருவியில் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, உதடு. 'பிடி' என்பது பேச்சில் 'புடி' ஆகிறது. 'வீடு' 'வூடு' ஆகிறது. 'பெட்டி' 'பொட்டி' ஆகிறது. இதழில் பிறக்கும் மெய்க்கும் நாமடி மெய்க்கும் இடைப்பட்ட இகர எகரங்கள் உதடு குவிந்து உகர ஒகரங்களாகத் திரிகின்றன. அந்தக் குவிவைக் கண்ணாலும் காணலாம். முழுப் பக்கவாட்டில் எடுத்தால் உதட்டின் ஒரு பாதி மறைந்துவிடும். நேர்முகமோ சற்றே சாய்ந்த கோணமோ ஏற்றது.

ஐந்தாவது, கேட்கும் முறை. "இதனை எவ்வாறு அழைப்பீர்கள்?" என்று ஏட்டுத் தமிழில் வினவினால் முதியவரும் ஏட்டுத் தமிழுக்கு மாறிவிடுவார். பேத்தியையோ பேரனையோ கருவியின் அருகே அமர்த்தி, "பாட்டி, எப்படிக் கிள்ளுவீங்க? காட்டுங்க" என்று கேட்கச் செய்யுங்கள். கை தொழிலைச் செய்யத் தொடங்கினால் சொல் தானே பின்தொடரும். இடையிடையே 'ம், ம்' என்று ஒலிக்காமல் தலையை மட்டும் அசையுங்கள். அவர் பேச்சை நிறுத்தினாலும் உடனே அடுத்த வினாவைத் தொடுக்காதீர்கள். நல்ல செய்தி பல வேளைகளில் அந்த மௌனத்திற்குப் பின்னரே வரும்.

பதியுமுன் இசைவு பெறுங்கள்; யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதிந்தபின் அவருக்கே போட்டுக் காட்டி, ஒரு படியைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். நாள், ஊர், தோட்டம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறியுங்கள். மூன்று படிகள் வைத்திருங்கள். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்னும் இலவச மென்பொருளில், காணொலியின் ஒவ்வொரு நொடிக்கும் நேராகச் சொல்லையும் கையசைவையும் எழுதி வைக்கலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பு, ஒரு முதியவர், பத்து நிமிடம்: இவ்வாண்டுக்கு இதுவே போதும். சொல்லை அகராதி காக்கும். 'இம்புட்டு' என்று விரல் காட்டிய அளவைக் காக்க அகராதியால் இயலாது; உங்கள் மாணவர்களால் இயலும்.